சின்ன மோனோபிளாக் ஜோடி: எதை வாங்கலாம், எதை விடலாம்

மூன்று மாதமாக எங்கள் வீட்டுக் கூடத்து மேசையில் ஆம்ப்ளிஃபயர்கள் ஜோடி ஜோடியாக வந்து போய்க்கொண்டிருந்தன. ஒரு ஜோடி நான் காசு கொடுத்து வாங்கியது, மற்றவை நண்பர்களிடம் இரவல். பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஆயுள் முடிந்து போனதும், அதன் இடத்தில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பெட்டிகளை ஸ்பீக்கருக்கு ஒன்று வீதம் வைக்கலாமே என்று ஆசைப்பட்டேன். ஒரே ஒரு சேனலை மட்டும் பெருக்கும் இப்படிப்பட்ட ஆம்ப்புக்குத்தான் மோனோபிளாக் என்று பெயர். இதே ஆசையோடு என்னிடம் விசாரிப்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டதால் கேட்டதை எழுதிவைக்கிறேன். காதுக்குப் பட்டதைக் காதுக்குப் பட்டது என்றே சொல்கிறேன். காரணம் தெரிந்த இடத்தில் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் என் அறையும் ஸ்பீக்கரும். அறை 12க்கு 14 அடி, டைல்ஸ் தரை, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். ஸ்பீக்கர் புக்‌ஷெல்ஃப் வகை, 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் கேட்கும் சத்தம்). மின்தடை, அதாவது இம்பீடன்ஸ், பெயருக்கு 6 ஓம் என்று போட்டிருந்தாலும் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 4 ஓமுக்கு இறங்கிவிடும். 60 ஹெர்ட்ஸிலும், ஸ்பீக்கரின் பெரிய யூனிட்டுக்கும் சின்ன யூனிட்டுக்கும் ஒலி பிரியும் கிராஸ்ஓவர் இருக்கும் 2000 ஹெர்ட்ஸ் பக்கமும் 20 ஓம் வரை ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போகும் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வருகிறது.

மோனோபிளாக் என்றதும் ஆளுயரத்துக்கு நிற்கும் கோடீஸ்வரர் வீட்டுச் சாமான்தான் பலருக்கு ஞாபகம் வரும். தொடக்கம் அப்படி இல்லை. 1953இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் குவாட் II ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தபோது ஸ்டீரியோ இசைத்தட்டே சந்தையில் கிடையாது. அது 15 வாட் தரும், கேடி66 என்ற வால்வ் (கண்ணாடிக் குழாய்) இரண்டு வைத்த, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்ன ஆம்ப். வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர், அதற்கு ஒரு ஆம்ப், அவ்வளவுதான். 1958இல் ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்த பிறகு ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தவர்கள் இன்னொன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்கள். ஆக, கைக்கடக்கமான மோனோபிளாக் ஜோடி என்பது ஸ்டீரியோ இசைத்தட்டு வந்த நாளிலிருந்தே இருக்கிறது.

மோனோபிளாக் தேவையா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. சேனல்கள் தனித்தனியாகப் பிரிவதால் மேடை விரிகிறது, பாடகர் நடுவில் சிலை மாதிரி நிற்கிறார் என்று விற்பவர்கள் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எல்பியை வாசிக்கும் முள் பொருந்திய நல்ல கார்ட்ரிட்ஜே இடது வலதுக்கு நடுவே 25, 30 டெசிபல்தான் பிரித்துத் தருகிறது. ஓரளவு உருப்படியான எந்த ஸ்டீரியோ ஆம்ப்பும் 60 டெசிபலுக்கு மேல் பிரிக்கும். அந்த எல்பியில்தானே நாம் மேடை விரிந்து கிடப்பதைக் கேட்டு மெய்மறந்தோம்? மோனோ ஜோடியின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆம்ப்பை ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே வைத்து ஸ்பீக்கர் ஒயரை இரண்டு அடியில் முடித்துவிடலாம். ஒவ்வொரு சேனலுக்கும் தனி பவர் சப்ளை இருப்பதால் 4 ஓம் ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முழுப் பலம் கேட்டாலும் திணறாது. ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் பழுதுபார்க்கக் கொடுக்கலாம். இந்த மூன்றும் உங்களுக்குப் பெரிதாகப் படவில்லை என்றால் நல்ல ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று போதும், மிச்சக் காசில் தரைக்கு ஒரு தடித்த ஜமுக்காளமும் ஜன்னலுக்குத் திரையும் வாங்குங்கள். என் அறையில் எந்த ஆம்ப் மாற்றத்தையும்விடத் திரைதான் அதிகம் மாற்றிக் காட்டியது.

கேட்ட விதத்தைச் சொல்லாமல் கேட்டதைச் சொல்வது நியாயமில்லை. என் சித்தப்பா மிருதங்கம் வாசிப்பவர், எழுபதைத் தாண்டியவர். அவரைத் துணைக்கு உட்காரவைத்துக்கொண்டேன். அந்த வயதில் உச்ச அதிர்வெண்கள் காதில் விழாது. எனக்கே 14 கிலோஹெர்ட்ஸோடு கதவு சாத்திவிடுகிறது. ஆனால் பதிவில் கேட்கும் மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கத் தோலில்) ஒலி கனக்க அப்பும் ரவை எவ்வளவு என்று சொல்லக்கூடிய காது அவருடையது. ஒரு தனி ஆவர்த்தனம், ஒரு வீணைக் கச்சேரி, கோயில் வெளிப் பிராகாரத்தில் எடுத்த நாகஸ்வரம் தவில், பழைய சினிமா ஆர்க்கெஸ்ட்ரா பாட்டுகள் சில, கடைசியாக வெறும் தம்புரா மூன்று நிமிடம். ஒவ்வொரு ஜோடிக்கும் இவைதான்.

தம்புரா எதற்கு என்று கேட்பீர்கள். தந்திக்கு அடியிலுள்ள நூலை நகர்த்தி ஜீவா (ரீங்காரம்) பிடித்த தம்புராவில் தந்தி வளைந்த குதிரையின்மேல் தொட்டுத் தொட்டு எழும்பும்போது மேல் சுரங்கள் அடுக்கடுக்காகத் தெறிக்கின்றன. சி.வி. ராமன் 1921இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தத் தெறிப்பு ஒரு ஆம்ப்பில் பட்டு நூலாகவும் இன்னொன்றில் அலுமினியக் கம்பியாகவும் கேட்டால் மேல் அதிர்வெண்களில் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். மிருதங்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு, அதாவது கரணை, தோலின் மேல் சுரங்களை முழு எண் மடங்குகளில் உட்காரவைக்கிறது. இதையும் ராமன் 1920இல் காட்டினார். அதனால் ஆம்ப் தன் பங்குக்குச் சேர்க்கும் மெல்லிய இரண்டாம் ஹார்மோனிக் (மூலச் சுரத்தின் இரட்டை அதிர்வெண்), ஏற்கெனவே இருக்கும் சுரத்தின்மேலேயே விழுந்து மறைந்துவிடும். ஒற்றை மிருதங்கத்தில் கண்டுபிடிக்க முடியாத கலப்படம், நாகஸ்வரமும் தவிலும் சுருதி பிடிக்கும் ஒத்தும் ஒன்றாய் முழங்கும் இடத்தில் வெளியே வந்துவிடும். ஒரே வகை இசையை வைத்து ஆம்ப்பை முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதல் ஞாயிறு நாங்கள் செய்தது முழுக்கத் தப்பு. ஒலி அளவைக் காதாலேயே சமன் செய்துகொண்டு உட்கார்ந்தோம். ஒரு ஜோடி எங்கள் இருவருக்குமே உயிரோட்டமாகப் பட்டது, வீணையின் மீட்டு விரல்நுனியோடு கேட்டது. மறுநாள் மல்டிமீட்டரை எடுத்து ஸ்பீக்கர் முனையில் அளந்தால் அந்த ஜோடி 0.8 டெசிபல் கூடுதலாக ஓடியிருக்கிறது. அவ்வளவு சின்ன வித்தியாசம் காதில் 'சத்தம் அதிகம்' என்று விழாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் விழும். சமன் செய்ததும் உயிரோட்டம் எங்கோ போய்விட்டது. அன்றிலிருந்து 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, மீட்டர் இரண்டு ஜோடியிலும் ஒரே வோல்ட் காட்டும்வரை சரிசெய்த பிறகுதான் பாட்டே போடுவோம். 100 ஹெர்ட்ஸ் ஏன் என்றால், மலிவு மீட்டர்கள் அதற்கு வெகு மேலே போனால் ஏசி அளவைத் தப்பாகக் காட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. இந்தச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறையில் வேலை செய்கின்றன. அதாவது ஸ்பீக்கரின் கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடுகிறது, அது கிரவுண்ட் இல்லை. இரண்டு ஆம்ப்பை மாற்றி மாற்றிக் கேட்கப் பயன்படும் சுவிட்ச் பெட்டிகளில் சில, கறுப்பு முனைகளை எல்லாம் உள்ளே ஒன்றாகச் சேர்த்திருக்கும். அதில் இவற்றைச் செருகினால் ஆம்ப் அங்கேயே முடிந்தது. நான் ஒயரைக் கழற்றிக் கழற்றித்தான் மாட்டினேன்.

இனி ஜோடிகள். எல்லோரும் முதலில் பார்ப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப் வைத்த கிளாஸ் டி பெட்டிகளை, அதாவது டிரான்சிஸ்டரைச் சுவிட்ச் போல வேகமாக ஆன் ஆஃப் செய்து ஓட்டும் வகையை. 2024இல் வந்த ஃபோசி வி3 மோனோ இந்த வகைக்கு நல்ல உதாரணம். 48 வோல்ட் அடாப்டர், ஆர்சிஏ, எக்ஸ்எல்ஆர் என்ற இரண்டு வகை உள்ளீட்டு முனைகளும், 4 ஓமில் 240 வாட் என்று அறிவிப்பு. நான் வாங்கியது இதே வகையில் வேறொரு ஜோடி. இதில் பார்க்க வேண்டிய ஒரே தொழில்நுட்ப விஷயம் ஃபீட்பேக், அதாவது பிழையைத் திருத்திக்கொள்ள ஆம்ப் திருப்பி எடுக்கும் சிக்னல், எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பது. கிளாஸ் டி ஆம்ப்பின் கடைசியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர் உண்டு. ஃபீட்பேக்கை அதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டால், உச்ச அதிர்வெண்ணில் ஆம்ப் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஸ்பீக்கரே தீர்மானிக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் உச்ச ஒலி சற்று ஏறும், 4 ஓம் ஸ்பீக்கரில் இறங்கும். ஒரே பெட்டியை ஒருவர் 'கூர்மை' என்றும் இன்னொருவர் 'மந்தம்' என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். இருவருமே பொய் சொல்லவில்லை, அவரவர் ஸ்பீக்கர் பேசியிருக்கிறது. புதிய பெட்டிகள் பலவற்றில் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுக்கிறார்கள், பிஎஃப்எஃப்பி என்று அதைக் குறிப்பிடுவார்கள். அது இல்லாத சிப் ஆம்ப்பை இன்றைக்கு வாங்கத் தேவையில்லை.

காதுக்கு எப்படி? தொப்பி இறுக்கமாக, அடித்த இடத்திலேயே நின்றது. வலந்தலையில் 'நம்' விழுந்தபோது அதன் நாதம் கடைசிவரை கேட்டது. தம்புராவில் முதல் இரண்டு நாள் எனக்கு ஏதோ வறட்சி தெரிந்தது. அளவைச் சமன் செய்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது அந்த வறட்சியைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. பெட்டியின் அளவையும் விலையையும் பார்த்து மனசு சேர்த்துக்கொண்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

தொல்லைகள் ஒலியில் இல்லை, சுற்றிலும் இருந்தன. இரண்டு முள் அடாப்டரில் ஓடும் உலோகப் பெட்டியை விரல் முதுகால் தடவினால் எறும்பு ஊர்வது போல மெலிதாக ஒரு கரண்ட் உணர்ச்சி இருக்கும். அடாப்டருக்குள் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர் வழியாக வரும் கசிவு அது. எர்த் சரியாக உள்ள மூன்று முள் அடாப்டர் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரில் ஓடும் டாக்கிலிருந்து (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) ஆர்சிஏ ஒயர் போட்டபோது 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தது, எக்ஸ்எல்ஆர் போட்டதும் போய்விட்டது. சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்று தீர்மானிக்கும் கெயின் சுவிட்ச் விஷயத்தில் ஒரு கணக்கு பாருங்கள். 48 வோல்ட் சப்ளையில் பிரிட்ஜ் ஆம்ப் தரக்கூடியது அதிகபட்சம் 34 வோல்ட் ஆர்எம்எஸ். சாதாரண டாக் 2 வோல்ட் தருகிறது. கெயின் 25 டெசிபல் என்றால் 18 மடங்கு, அதாவது 36 வோல்ட். ஆக 25 டெசிபலிலேயே ஆம்ப் தன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. 31 டெசிபலுக்குத் தள்ளுவதில் கிடைப்பது ட்விட்டரில் (ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் சின்ன யூனிட்) கேட்கும் 'ஸ்ஸ்' சத்தம் மட்டும். அதேபோல 32 வோல்ட் அடாப்டருக்கும் 48க்கும் உள்ள வித்தியாசம் 3.5 டெசிபல். என் அறை மாதிரி இடத்தில் இரவில் மெதுவாகக் கேட்பவர் என்றால் 32 தாராளம்.

அடுத்தது மாட்யூல் வகை. பிலிப்ஸில் இருந்தபோது யூசிடி என்ற கிளாஸ் டி முறையை உருவாக்கிய புரூனோ புட்சேஸ், பிறகு ஹைபெக்ஸில் என்கோர், 2019இல் கூட்டாளிகளோடு பியூரிஃபை ஐகன்டாக்ட் என்று அடுத்தடுத்து மெருகேற்றிக்கொண்டே போனார். பல கம்பெனிகள் இந்த மாட்யூலை வாங்கித் தங்கள் பெட்டியில் பொருத்தி விற்கின்றன. நண்பர் ஒருவரிடம் என்கோர் ஜோடி இருந்தது. ஆன் செய்து ட்விட்டரில் காதை வைத்தால் ஆன் ஆகியிருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி. தவில் கூட்டத்தை நல்ல சத்தத்தில் வைத்தபோது ஒரு சுற்று கூடுதலாக நிதானம் இருந்தது போலப் பட்டது. இதை நான் பந்தயம் கட்டிச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் நண்பரின் மனைவி திரைக்குப் பின்னால் ஒயரை மாற்றிக்கொண்டிருந்தபோது, இந்த ஜோடியையும் என் சிப் ஜோடியையும் நானும் பிரிக்கவில்லை, சித்தப்பாவும் பிரிக்கவில்லை. விலையோ பல மடங்கு. ஸ்பீக்கர் 3 ஓமுக்கு இறங்குகிறது, அறை பெரிய ஹால், சத்தமும் வேண்டும் என்றால் இதற்குச் செலவு செய்வதில் நியாயம் உண்டு. சென்சிட்டிவிட்டி 95க்கு மேல் உள்ள ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கும் அந்த அமைதி ஒன்றுக்காகவே தகும்.

வழக்கமான டிரான்சிஸ்டர் முறையான கிளாஸ் ஏபியில் டாப்பிங் பி100 போலச் சின்ன மோனோக்கள் வந்திருக்கின்றன. அளவீட்டில் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) மிகக் குறைவு. நான் அதிக நேரம் கேட்காததால் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

டிரான்சிஸ்டரில் எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும் கிளாஸ் ஏயை ஒதுக்க மனசு வரவில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ், சாலிடரிங் கற்றுக்கொள்பவர்கள் கட்டிப் பழகட்டும் என்று வெளியிட்ட ஆம்ப் கேம்ப் ஆம்ப்பை நண்பர் இரண்டு செட் கட்டி, ஒவ்வொன்றையும் மோனோவாக மாற்றி வைத்திருக்கிறார். அப்படி மாற்றினால் 8 ஓமில் 15 வாட். வீணை இதில் அழகாக இருந்தது, கமகம் இழைந்து போவது கண்ணுக்கே தெரிந்தது. தவில் வந்ததும் மூச்சு முட்டியது. 86 டெசிபல் ஸ்பீக்கரில் 15 வாட் என்பது ஒரு மீட்டரில் 98 டெசிபல், நான் உட்காரும் எட்டடி தூரத்தில் அதைவிடக் குறைவு. தவிலின் ஒரு அடி, சராசரியைவிட எங்கோ மேலே தாவும், அங்கே ஆம்ப் தன் எல்லையை முட்டி ஒலி சிதைந்துவிடுகிறது. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஸ்டீரியோவாக ஓடும்போது இந்த ஆம்ப்பின் இனிமைக்குக் காரணமாகச் சொல்லப்படும் இரண்டாம் ஹார்மோனிக், பிரிட்ஜ் செய்து மோனோ ஆக்கும்போது எதிரெதிராக வந்து பெருமளவு அழிந்துபோகிறது. மோனோ ஆக்கினால் அதே குரல் பெரிதாகக் கேட்கும் என்று எண்ண வேண்டாம், குரலே சற்று மாறும். கடைசியாக வெயில். பாட்டு ஓடாவிட்டாலும் முழுச் சூடு. சென்னை மே மாதத்தில் இரண்டு அடுப்பைக் கூடத்தில் வைத்துக்கொண்டு ஃபேனைக் கூட்டினால், அந்த ஃபேன் சத்தத்திலேயே நீங்கள் தேடிப் போன நுணுக்கம் மூழ்கிவிடும். ஊட்டியில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வால்வுக்கு வருகிறேன். தெரிந்தவர் ஒருவர் தன் அப்பா காலத்துக் குவாட் II ஜோடியை முழுக்கச் செப்பனிட்டு வைத்திருக்கிறார். அதை ஒரு வாரம் என் வீட்டில் வைக்க ஒப்புக்கொண்டார். ஆன் செய்து கால் மணி நேரத்தில் வீணை போட்டேன். பாடகர் பாட்டுக்கு மாற்றினேன். குரல் ஒரு அடி முன்னால் வந்து உட்கார்ந்தது. மற்ற எந்த ஜோடியிலும் இப்படி நெஞ்சு நிறையவில்லை. சித்தப்பா முகத்தைப் பார்த்தேன், அவர் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சித்தப்பா, நல்லா இருக்கில்ல?"

"பாட்டு சுகமா இருக்குடா. ஆனா இந்த மிருதங்கக்காரன் தொப்பிக்கு ரவை கொஞ்சம் கூடவே வெச்சுட்டான். நேத்து வேற பெட்டியில கேட்டப்போ இவ்வளவு இல்லையே?"

திரை போட்டு மாற்றியபோதும் ஒவ்வொரு முறையும் ரவையை வைத்தே வால்வைக் கண்டுபிடித்தார். நானும் கண்டுபிடித்தேன். காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. கிளாஸ் டி பெட்டிகளின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்புக்குள்ளேயே இருக்கும் தடை, ஒரு ஓமில் மிகச் சின்னப் பங்கு. பழைய வால்வ் ஆம்ப்புக்கு ஒரு ஓம் அளவில் இருக்கும். அந்த ஒரு ஓமும் ஸ்பீக்கரும் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. என் ஸ்பீக்கர் 4 ஓமுக்கு இறங்கும் இடத்தில் கிட்டத்தட்ட 2 டெசிபல் இழக்கிறேன், 20 ஓமுக்கு ஏறும் இடத்தில் அரை டெசிபல்கூட இல்லை. மொத்தத்தில் 60 ஹெர்ட்ஸும் 2000 ஹெர்ட்ஸும் 200 ஹெர்ட்ஸைவிட 1.5 டெசிபல் தூக்கலாகின்றன. 60 தூக்கினால் தொப்பியில் ரவை கூடுகிறது. 2000 தூக்கினால் குரல் முன்னால் வருகிறது.

1985இல் அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் இதையே வேறு வழியில் காட்டினார். அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் போற்றிய விலையுயர்ந்த வால்வ் மோனோபிளாக் ஜோடியை எடுத்துக்கொண்டு, தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸையும் மற்றதையும் அதற்கு இணையாக மாற்றினார். கடைசியில் அந்தப் பத்திரிகைக்காரர்களாலேயே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு வால்வில் கேட்டது உண்மை, கற்பனை இல்லை. ஆனால் அது என் ஸ்பீக்கரோடு சேர்ந்தபோது பிறந்தது. வேறு ஸ்பீக்கரில் வேறாகக் கேட்கும்.

அதை உறுதிசெய்ய அந்தக் குவாட் ஜோடியை அதன் சொந்தக்காரர் வீட்டில், அவருடைய ஸ்பீக்கரிலேயே, பிபிசி வடிவமைத்த பழைய 15 ஓம் எல்எஸ்3/5ஏயில் போய்க் கேட்டோம். குவாட் II டிரான்ஸ்ஃபார்மரில் 15 ஓமுக்கென்றே தனி முனை உண்டு. ஸ்பீக்கர் வெறும் 82.5 டெசிபல், சத்தம் பத்தாது. ஆனால் எட்டுக்குப் பத்து அறையில், கைக்கெட்டும் தூரத்தில், மெல்லிய சத்தத்தில் ஒரு பெண் குரல் ஆலாபனை கேட்டதை என்னால் மறக்க முடியாது. சித்தப்பாவும் ரவையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வேறு எந்த ஆம்ப்பையும் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

பழைய வால்வ் ஜோடி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். தெரிந்த மெக்கானிக் இல்லாமல் அடித்தட்டைத் திறக்காதீர்கள். கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றியதா, இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் அசலா என்று கேட்டு, ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு இந்தச் சுடும் கண்ணாடி வேண்டாம்.

எனவே யார் எதை எடுப்பது? ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் படத்தை முதலில் பாருங்கள். ஏறி இறங்கும் நவீன ஸ்பீக்கர், நடுத்தர அறை, எல்லா வகைப் பாட்டும் கேட்பவர் என்றால் ஃபில்டருக்குப் பின்னால் ஃபீட்பேக் எடுக்கும் சிப் ஜோடி. ஓம் மிகவும் இறங்கும் ஸ்பீக்கரும் பெரிய ஹாலும் இருந்தால் மாட்யூல். இம்பீடன்ஸ் உயர்ந்த ஸ்பீக்கர், சின்ன அறை, குரலும் வீணையுமே உலகம் என்றால் வால்வ். கிளாஸ் ஏயைத் தானே கட்டும் ஆசை உள்ளவர் மட்டும், டிசம்பரில் தொடங்கட்டும். அயல்நாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கஸ்டம்ஸ் கட்டணத்தையும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நான் சிப் ஜோடியையே வைத்துக்கொண்டேன். மிச்சமான பணத்தில் ரிச்சி தெருவில் இரண்டு நல்ல எக்ஸ்எல்ஆர் ஒயரும், எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கினேன். குரல் கேட்கத் தோன்றும் இரவுகளில் ஈக்வலைசரில் 2000 ஹெர்ட்ஸை ஒன்றரை டெசிபல் ஏற்றிக்கொள்கிறேன். 60ஐத் தொடுவதில்லை, சித்தப்பா அடுத்த அறையில்தான் தூங்குகிறார்.